காயில்ஓவர் போட்ட ஸ்விஃப்ட் தூக்கிப் போடுது: நாப்பை எத்தனை கிளிக்கில் வைக்கணும்?

கோவை ஸ்விஃப்ட் எழுதியது:

வணக்கமுங்க. வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். காயில்ஓவர் (உயரமும் டாம்பர் இறுக்கமும் மாத்திக்கிற சஸ்பென்ஷன் செட்) மாட்டி ரெண்டு மாசம் ஆகுது. ஒரு டாம்பருக்கு (ஷாக் அப்சார்பர்) ஒரே நாப் (திருகு), 32 கிளிக். ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் நசுங்க முன்னாடி 6 கிலோ, பின்னாடி 4 கிலோ. கம்பெனி உயரத்துல இருந்து முன்னாடி 45 மிமீ, பின்னாடி 40 மிமீ இறக்கியிருக்கு. டயர் 195/55 ஆர்15, காத்து நாலுலயும் 36 பிஎஸ்ஐ.

மாட்டினப்ப நாப் நடுவுல, 16-ல இருந்துச்சு. பைபாஸ்ல 90-ல போறப்ப பாலத்து ஜாயின்ட் தாண்டினா வண்டி மேல போய் இறங்கி, இன்னொரு தடவை ஆடித்தான் அடங்கும். அதை நிறுத்தலாம்னு நாலு வீலையும் 28-க்கு டைட் பண்ணினேன். அந்த ஆட்டம் போயிருச்சு. ஆனா இப்ப ஒட்டுப் போட்ட ரோட்டுல ஸ்டீயரிங் வரைக்கும் தடதடன்னு அடிக்குது. பின்சீட்டுல மூணு பேர் உக்காந்தா இன்னும் மோசம். ஸ்பீடு பிரேக்கர்ல தொம்முனு ஒரு அடி, அடுத்த நொடி டிக்கிப் பக்கம் தூக்கிப் போடுது.

முழுசா 32-க்குக் கொண்டு போகட்டுமா? இல்ல பின்னாடி 3 கிலோ ஸ்பிரிங் மாத்தணுமா? ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினா சரியாகும்னும் சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1, மூணாங்கியர்:

32-க்குப் போகாதீங்க. உங்க வண்டியில ரெண்டு வெவ்வேறு கோளாறு இருக்கு. முதல் கோளாறு நாப்பால சரியாயிருச்சு, ரெண்டாவது அதே நாப்பால வந்திருக்கு.

பாலத்து ஜாயின்ட்ல பார்த்தது மிதப்பு. ஸ்பிரிங் திருப்பித் தள்ளுற வேகத்தை டாம்பர் பிடிச்சு நிறுத்தலை, அதனால பாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஆடுச்சு. ரீபவுண்ட் (டாம்பர் நீளுறப்ப தர்ற தடை) குறைவுன்னா இப்படித்தான் ஆடும், நாப்பைக் கூட்டினதும் நின்னிருக்கு. அது சரி.

இப்ப நடக்கிறது உதைப்பு. ஒற்றை நாப் டாம்பர் பெரும்பாலானதுல, கிளிக் கூட்டினா கம்ப்ரெஷனை (அமுங்குறப்ப தர்ற தடை) விட ரீபவுண்ட்தான் அதிகமா ஏறும். சக்கரம் ஒரு மேட்டுல மேல போகுது. திரும்பக் கீழ இறங்க டாம்பர் விடமாட்டேங்குது. பாதி இறங்குறதுக்குள்ள அடுத்த மேடு வந்துருது. இப்படி நாலஞ்சு மேடு தொடர்ந்து வந்தா டாம்பர் ராடு (உள்ள போய் வர்ற தண்டு) ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளயே தங்கி, வண்டி தானா தாழ்ந்து, கடைசியில பம்ப் ஸ்டாப் (ராடு முழுசா உள்ள போகாம தடுக்கிற ரப்பர்) மேல உக்காந்துரும். அதுக்கப்புறம் ஸ்பிரிங் 4 கிலோவா 40 கிலோவான்னு வித்தியாசமே இல்லை. அந்த ரப்பர்தான் உங்க ஸ்பிரிங்.

முதல்ல செலவில்லாத வேலை. காத்தை டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவுக்கு இறக்குங்க, காலையில டயர் குளிர்ந்திருக்கிறப்ப. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், ஆனா அதுக்கு டாம்பர் கிடையாது. 36-ல வச்சுக்கிட்டு தடதடப்பை நாப்ல தேடினா கிடைக்காது.

அடுத்தது கிளிக் எண்ணுற முறை. நாப்பை வலதுபக்கமா, விரலால மட்டும், நிக்கிற வரைக்கும் திருப்புங்க. ஸ்பேனர் போட்டு இறுக்கினா உள்ள இருக்கிற ஊசி வால்வோட சீட் கெட்டுப் போகும். நின்ன இடத்தை சைபர்னு வச்சு, அங்கிருந்து இடதுபக்கமா எண்ணணும். சாஃப்ட் முனையில இருந்து எண்ணினா சில செட்டுல நாலும் ஒரே இடத்துல நிக்காது, இடது வலது மாறிப்போகும். உங்க 28 சாஃப்ட்ல இருந்து எண்ணினதுன்னா, இந்தக் கணக்குல சுமார் 4.

இப்போதைக்கு இந்தக் கணக்குல (ஹார்ட்ல இருந்து) நாலையும் 20-ல வைங்க. ஆனா அதோட நிறுத்திராதீங்க. பின்னாடி தொம்முனு அடிக்கிறது நாப் விஷயமே இல்லைன்னு எனக்குத் தோணுது. ராடு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்து சொல்லுங்க.

அளக்கிற விதம்: டஸ்ட் கவரை மேல தூக்கிட்டு, டாம்பர் ராடுல ஒரு சின்ன ஜிப் டை கட்டி, ராடு உள்ள போற வாயில இருக்கிற சீல் வரைக்கும் கீழ தள்ளி விடுங்க. ரொம்ப இறுக்கக் கூடாது, விரலால தள்ளினா நகரணும். தரையில நிக்கிற வண்டியில சீலுக்கும் பம்ப் ஸ்டாப்போட அடி விளிம்புக்கும் நடுவுல எத்தனை மிமீன்னு எழுதி வைங்க. வழக்கமான ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஜிப் டை எங்க நிக்குதுன்னு பாருங்க. பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நின்னா பதில் கிடைச்சிருச்சு.

பதில் 2, பழைய ஸ்பேனர்:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, காயில்ஓவர் மாட்டியபோது புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டையும் பின் டோர்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) போல்ட்டையும் இறுக்கிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அந்த ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் புஷ் முறுக்கிக்கொண்டு இன்னொரு ஸ்பிரிங்போல வேலை செய்யும். உயரத்தையும் ஓரிரு மில்லிமீட்டர் ஏமாற்றும், சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியை நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்து (ரேம்ப் அல்லது குழிமேல்), அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் ஒரு மீட்டர் உருட்டிவிட்டு, பிறகு சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்க வேண்டும். 45 மிமீ இறக்கிய வண்டியில் இது விட்டுப்போனால் எந்த நாப் கணக்கும் ஒட்டாது.

இரண்டு, முன்பக்கத்தில் ஸ்பிரிங் பிரீலோடு (சுமை ஏறும் முன்பே ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருக்கும் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். பிரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பது தவறு. 6 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 6 கிலோதான். பிரீலோடைச் சைபராக்கிவிட்டு, உயரத்தை டாம்பரின் கீழ் பிராக்கெட்டில் மாற்றிக்கொள்வதே நல்லது.

கோவை ஸ்விஃப்ட்:

அளந்துட்டேனுங்க. நான் மட்டும் உள்ள உக்காந்த நிலையில, இன்னொருத்தரை விட்டு அளந்தது.

முன்னாடி சீலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவுல 38 மிமீ. ரெண்டு முன் சக்கரத்தையும் ஒண்ணா ஜாக்கி போட்டுத் தூக்கினா ராடு இன்னும் 28 மிமீ வெளிய வருது. பிரீலோடு 18 மிமீ.

பின்னாடி 22 மிமீதான் இருக்கு. ஜிப் டை பம்ப் ஸ்டாப்புக்குள்ளயே போய் நின்னிருக்கு. பம்ப் ஸ்டாப்போட நுனி வளையம் நசுங்கி, ஒரு பக்கம் பொடிப் பொடியா உதிருது. ராடுல எண்ணெய்க் கசிவு இல்லை. காத்தை ஸ்டிக்கர்படி வச்சு, நாலு நாப்பும் 20-ல வச்சதுல ஸ்டீயரிங் தடதடப்பு பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. பின்னாடி தொம் மட்டும் அப்படியே இருக்கு. பிரீலோடைச் சைபர் ஆக்கிரலாமுங்களா?

பதில் 3, நெடுஞ்சாலை:

முன் பிரீலோடைத் தொடாதீர்கள். பழைய ஸ்பேனர் சொன்ன விதி சரி, பிரீலோடு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. ஆனால் இந்த வண்டிக்கு அந்த முடிவு பொருந்தாது. உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம்.

ஓட்டுநரோடு ஒரு முன் சக்கரத்தின் மேல் நிற்கும் ஸ்பிரிங் சுமை சுமார் 265 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (சக்கரம், ஹப், பிரேக் எடை போக). ஸ்ட்ரட் (முன் டாம்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்பு) கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் சக்கரம் 1 மிமீ ஏறினால் ராடு சுமார் 0.95 மிமீ நகரும். ஸ்பிரிங் தாங்கும் சுமை 279 கிலோ. 6 கிலோ ஸ்பிரிங் 46 மிமீ நசுங்கும். அதில் 18 மிமீ ஏற்கெனவே பிரீலோடாக இருப்பதால் ராடு உள்ளே போனது 28 மிமீ. நீங்கள் ஜாக்கியில் அளந்த 28 இதுதான். இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கியது நல்லது. ஒன்றை மட்டும் தூக்கியிருந்தால் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) பிடித்துக்கொண்டு குறைவாகக் காட்டியிருக்கும்.

பிரீலோடைச் சைபராக்கினால் ராடு 46 மிமீ உள்ளே போய்விடும். பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் இப்போது இருக்கும் 38 மிமீ 20 ஆகிவிடும். கீழ் பிராக்கெட்டில் வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த 20 மாறாது, ஏனென்றால் பிராக்கெட் டாம்பரின் உடலை நீட்டுமே தவிர ராடு நிற்கும் இடத்தைத் தொடாது. அதாவது பின்பக்கத்தில் இருக்கிற நோயை முன்பக்கத்துக்கும் கொண்டுவந்துவிடுவீர்கள். மொத்தம் 66 மிமீ ஓட்டத்தில் 38 மேலே, 28 கீழே. ரோட்டு வண்டிக்கு இது நல்ல பங்கீடு. பிரீலோடு என்பது இந்தப் பங்கீட்டை மாற்றும் கருவி.

பின்பக்கம் வேறு அமைப்பு. ஸ்விஃப்டின் பின்னால் ஸ்பிரிங் ஓரிடத்திலும் டாம்பர் வேறிடத்திலும் இருக்கின்றன. கிட்டின் பெயர் காயில்ஓவர் என்றாலும் பின்னால் ஸ்பிரிங் டாம்பர்மேல் இல்லை. அங்கே ஸ்பிரிங்கின் இருக்கையைச் சுழற்றி உயர்த்தினால் வண்டி உயரும், ராடும் வெளியே வரும்.

டோர்ஷன் பீமில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தைப் பொறுத்து, சக்கரம் 1 மிமீ ஏறும்போது ஸ்பிரிங் சுமார் 0.9 மிமீ நசுங்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும்: 4 × 0.9 × 0.9 = 3.24. சக்கரத்தில் உணரப்படும் கெட்டித்தனம் மில்லிமீட்டருக்கு 3.24 கிலோ. பின்சீட்டில் மூன்று பேரும் கொஞ்சம் பையும் ஏறினால் ஒரு பின் சக்கரத்துக்குச் சுமார் 90 கிலோ கூடும். 90-ஐ 3.24-ஆல் வகுத்தால் 28 மிமீ இறங்கும். உங்களிடம் இருப்பதே 22. ஆட்கள் ஏறி உட்கார்ந்த உடனேயே, வண்டி நகரும் முன்பே, பம்ப் ஸ்டாப் நசுங்கத் தொடங்கிவிட்டது. பிறகு வரும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் அந்த ரப்பரைத்தான் அடிக்கிறது. அது அழுத்தத்தைத் திருப்பி உதைக்கிறது, அதுதான் டிக்கி தூக்கிப் போடுவது.

3 கிலோ ஸ்பிரிங் போட்டால் என்ன ஆகும்? 3 × 0.81 = 2.43. அதே 90 கிலோவுக்கு 37 மிமீ இறங்கும். துள்ளல் கூடும். மென்மையான ஸ்பிரிங் வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டும், தாழ்த்திய வண்டியில் அந்த இடம் இல்லை.

ஆகவே பின்னால் உயர்த்துங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இப்போதைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள் (தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும்). இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங் இருக்கையின் மறையை (திருகுப் புரி) கம்பி பிரஷால் சுத்தம் செய்து, துளி எண்ணெய் விட்டு, சி-ஸ்பேனரால் இரண்டு பக்கமும் 22 மிமீ உயர்த்துங்கள். மண்ணோடு சுற்றினால் அலுமினிய மறை அரித்துவிடும், பிறகு அது மேலும் போகாது கீழும் வராது. விகிதம் 0.9 என்பதால் 22 மிமீ உயர்த்தியது சக்கரத்தில் சுமார் 24 மிமீ ஆகும். இறக்கி, சில மீட்டர் உருட்டிய பின்பே மறுபடி அளக்க வேண்டும். தூக்கி இறக்கிய உடனே டயர் பக்கவாட்டில் விறைத்து நிற்பதால் அளவு உயரமாகவே காட்டும்.

அப்போது 22 + 24 = 46 மிமீ. ஆள் ஏறி 28 போனாலும் 18 மிச்சம், அதன்பின் புதிய பம்ப் ஸ்டாப். நசுங்கி உதிர்வதை மாற்றியே ஆக வேண்டும். வெட்டி நீளம் குறைக்காதீர்கள். நுனியிலுள்ள மெல்லிய வளையங்கள்தான் முதலில் மெதுவாகப் பிடிப்பவை. அவற்றை வெட்டினால் அடி நேராகக் கெட்டிப் பகுதியில் விழும். எடுத்தே எறிந்தால் டாம்பரின் உள்ளே பிஸ்டன் அடிவால்வில் மோதும்.

கிட்டில் பின் டாம்பரின் கீழ்க் கண்ணைச் சுழற்றி நீளம் மாற்ற முடியுமானால், 8 முதல் 10 மிமீ குட்டையாக்குங்கள். உயரம் மாறாமல் பம்ப் பக்கம் அவ்வளவும் கூடுதலாகக் கிடைக்கும், கீழ்நோக்கி அவ்வளவு குறையும். ஆனால் குட்டையாக்கிய பின் ஆட்களை ஏற்றி, டயர் உள்ஃபெண்டரில் படுகிறதா, ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முன்பு டாம்பர் தடுத்ததை இப்போது எதுவும் தடுக்காது.

இன்னொன்று. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கிமீ வேகத்துக்கானது. ஊருக்குள் கிடப்பவை பல அதே உயரத்தில் அரை மீட்டர் அகலம்கூட இல்லை. எத்தனை நல்ல செட்டிங்கும் அதை 25-ல் விழுங்காது.

பதில் 4, மூணாங்கியர்:

நெடுஞ்சாலை சொன்ன உயரக் கணக்கை முடிச்சுட்டு நாப்புக்கு வாங்க. உயரம் சரியாகாம நாப் தேடினா, தேடினது அத்தனையும் வீண்.

ஏன் கம்பெனி வண்டி மாதிரி எப்பவும் இருக்காதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. முன்னாடி 6 கிலோவுக்கு சக்கரத்துல சுமார் 5.4 கிலோ வருது. 265 கிலோ சுமைக்குக் கணக்குப் போட்டா பாடி நொடிக்கு சுமார் 2.25 தடவை ஆடும். சாதாரண குடும்பக் கார் 1.2-ல இருந்து 1.5 வரைக்கும். அந்த சொகுசை எந்தக் கிளிக்கும் திருப்பித் தராது. நாப் செய்யுறது ஒண்ணே ஒண்ணு, ஆடினதை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தணும்ங்கிறது. சின்ன ஒட்டுல வர்ற தடதடப்பு வேற. அது பாடி இல்லை, சக்கரமே டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல நொடிக்கு 13 தடவை வாக்குல துள்ளுறது. அதனாலதான் ரெண்டையும் தனித்தனியா உணரப் பழகணும்.

ஒரே ரோடு, ஒரே வேகம். ஒரு பாலத்து ஜாயின்ட்டும் ஒரு ஒட்டுப் போட்ட துண்டும் இருக்கிற இடமா எடுங்க. நாலையும் முழு சாஃப்ட்ல ஆரம்பிங்க, அதாவது ஹார்ட்ல இருந்து 31 அல்லது 32. வண்டி மிதக்கும், 60-க்கு மேல போக வேண்டாம். முன்னாடி மட்டும் 4 கிளிக் டைட் பண்ணுங்க, ஓட்டுங்க, எழுதுங்க. மறுபடி 4. ஜாயின்ட் தாண்டினதும் முன்பக்கம் ஒரு தடவை ஏறி இறங்கி அப்படியே நின்னா, அது உங்க கீழ் எல்லை. அதுக்கு மேல 2, 2-ஆ கூட்டினா ஒரு இடத்துல ஒட்டு ரோடு கையில கூர்மையா தெரிய ஆரம்பிக்கும். அது மேல் எல்லை. நடுவுல வைங்க. அப்புறம் இதேபோல பின்னாடி. முன்னயும் பின்னயும் ஒரே நேரத்துல மாத்தினா எது எதைச் செஞ்சுச்சுன்னு தெரியாது.

பின்னாடி எண் முன்னாடியை விட 3-லிருந்து 5 கிளிக் சாஃப்டா வரும், பயப்பட வேண்டாம். முன்னாடி எஞ்சின் எடை இருக்கு, பின்னாடி தனியா ஓட்டுறப்ப சுமையே இல்லை. குடும்பத்தோட போறப்ப பின்னாடி 3 கிளிக் ஏத்தினா போதும்.

கையால ஃபெண்டரை அமுக்கிப் பார்க்கிற சோதனையை இந்த செட்டுல நம்பாதீங்க. கெட்டி ஸ்பிரிங்கை கையால அஞ்சு மிமீகூட அமுக்க முடியாது, கெட்டுப்போன டாம்பரும் நல்லதா தெரியும்.

கோவை ஸ்விஃப்ட்:

ரொம்ப நன்றிங்க. பின் ஸ்பிரிங்கோட இருக்கையை 22 மிமீ ஏத்தி, பம்ப் ஸ்டாப் புதுசு போட்டு, புஷ் போல்ட் எல்லாம் தளர்த்தி வண்டி தரையில நிக்கிறப்ப இறுக்கினதுல, சீலுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல 45 மிமீ வந்திருக்கு. முன்னாடி ஹார்ட்ல இருந்து 18, பின்னாடி 22. மூணு பேரை உக்கார வச்சு அதே ரோட்டுல பின்னாடி 19-ல ஓட்டினதுல ஜிப் டை ஸ்டாப்போட நுனியைத் தொட்டு நிக்குது, உள்ள போகலை. தொம் சத்தம் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும்: மெதுவா வளைக்கிறப்ப முன்னாடி இடது பக்கம் டக்குனு ஒரு சத்தம் வருது. அதுவும் டாம்பரா?

பதில் 5, பழைய ஸ்பேனர்:

பிரீலோடு விஷயத்தில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நெடுஞ்சாலை போட்ட கணக்கே சரி.

டக் சத்தம் நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போதும் வந்தால் டாம்பர் இல்லை. போனட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, நீங்கள் டாப் மவுண்ட்டின் (ஸ்ட்ரட்டின் மேல் முனை பாடியோடு சேரும் இடம்) மேல் உள்ளங்கையை வையுங்கள். ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு பிறகு விடுபடுவது கையில் துள்ளலாகத் தெரிந்தால் மேல் பேரிங் சுழலவில்லை, அல்லது ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. கையில் எதுவும் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்கள். 45 மிமீ இறக்கியதில் அதன் கோணம் மாறி, ஆர்மிலோ ட்ரைவ் ஷாஃப்ட் ரப்பரிலோ உரசலாம். நீளம் மாற்றக்கூடிய லிங்க் போட்டால் தீரும்.

பின் உயரம் மாறியதால் ஹெட்லைட் கற்றை தாழ்ந்திருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கியதால் வீல் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும். பின் டோர்ஷன் பீமில் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்) மாற்ற ஏற்பாடு இல்லை, ஆனாலும் நான்கு சக்கரமும் அளக்கச் சொல்லுங்கள். எல்லா லாக் நட்டுகளிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 500 கிலோமீட்டர் கழித்துக் கோடு நகர்ந்திருந்தால் மறுபடி இறுக்க வேண்டும்.